எதிலிருந்து அளப்பது?

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமக்கு முன்னர் இம்மேடையில் நின்றவர்கள் குறளையும் சிலம்பையும் பேசி நம் செவிக்கு விருந்தளித்தார்கள். நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர். இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். ஆகவே நமக்குத் தெரிந்த ஒன்றைத்தானே நாம் பேசலாகும்? வீட்டுச் சுவரில் தொலைக்காட்சிப் பெட்டியை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சிலர் நகைக்கிறீர்கள். நகைக்கலாம். நாமும் சென்ற விஷு வரையில் இதை நகைப்பிற்குரிய பொருளாகவே கருதியிருந்தோம்.

சென்ற ஓணத்திற்கு முன் நம் இல்லத்துக்கு 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கினோம். மட்டாஞ்சேரியில் நாம் குடியிருப்பது பழைய வீடு. கூடத்தின் கூரை நல்ல உயரம். மாட்ட வந்த இளைஞர் துளைக்கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு, "எங்கே வேண்டும்?" என்றார். நாம் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தோம். மின்சாரச் செருகி ஆளுயரத்துக்கு மேலே இருந்தது. சாமி படங்களும் அந்த வரிசையில் இருந்தன. குழந்தைகளின் கை எட்டாது. வாயிலில் நுழைவோர் கண்ணில் உடனே படும். "அங்கே" என்று கையை உயர்த்தினோம். அரை மணியில் வேலை முடிந்தது. பார்த்தவர் எல்லாம் பாராட்டினர்.

நம் தந்தையார் எண்பதை நெருங்குபவர். திருநெல்வேலிச் சீமையை விட்டு நம்மோடு வந்து தங்கியிருக்கிறார். மலையாளம் அவருக்குக் கடைத்தெரு அளவுக்கே தெரியும். மாலைதோறும் வரும் தமிழ்ச் செய்தி ஒன்றே அவருக்கு ஊரோடு இருந்த உறவு; எந்த அணையில் எத்தனை அடி நீர், எந்த ஊரில் மழை என்பதையெல்லாம் கேட்டு, மறுநாள் காலை வரையில் அதையே நம்மிடம் பேசுவார். புதிய பெட்டி வந்த பின் அவர் பத்து நிமிடத்துக்கு மேல் கூடத்தில் இருப்பதில்லை. எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். செய்தி வாசிப்போரின் தமிழ் அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நாம் எண்ணினோம். பின்னர், முதுமை என்று எண்ணினோம். வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னோம். அவரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

விஷு கழிந்து பிடரி வலியும் தலைச்சுற்றலும் அதிகமாகவே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் எதையாவது அடிக்கடி அண்ணாந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். தந்தையார் நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, "செய்தி" என்றார்.

வழியில், "அப்பா, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "நீ ஆசையாய் மாட்டியதப்பா, இறக்கு என்று எப்படிச் சொல்வேன்?" என்றார். ஆட்டோ தோப்பும்படி கடந்து வீடு வந்து சேரும்வரை நாம் வேறு பேச்சுப் பேசவில்லை.

அன்றிரவே அளவு நாடாவை எடுத்தோம். அன்பர்களே, அளப்பது நம் துறைக்குப் பழக்கமான வேலை. அகலப் பாதையில் உயர் நடைமேடையின் உயரம் 760 முதல் 840 மில்லிமீட்டர் என்பது விதி. எதிலிருந்து? தரையிலிருந்தன்று, தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து. நிலையத்தின் பெயர்ப் பலகையிலே ஓர் உயரம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எதிலிருந்து? கடல் மட்டத்திலிருந்து. இன்னதிலிருந்து என்று சொல்லாத உயரம் உயரமே அன்று. நாமோ நாள் முழுதும் இத்தகைய கணக்குகளுக்கிடையே அமர்ந்திருந்தும், வீட்டிலே கூரையையும் செருகியையும் சாமி படத்தையும் பார்த்து உயரம் குறித்துவிட்டோம். பார்க்கும் கண்ணிலிருந்தல்லவா அளந்திருக்க வேண்டும்?

கணக்கைக் கேளுங்கள். தந்தையார் நாற்காலியில் அமர்ந்தால் அவர் கண் தரையிலிருந்து 41 அங்குலம். பெட்டியின் நடுப்பகுதியோ 77 அங்குலத்தில் இருந்தது. வேறுபாடு 36 அங்குலம். நாற்காலிக்கும் சுவருக்கும் இடைவெளி 8 அடி, அதாவது 96 அங்குலம். மேட்டுப் பாதையை நாங்கள் ஒன்றுக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம். 100 அடி ஓடினால் 1 அடி ஏறுவது ஒன்றுக்கு நூறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மும்பையிலிருந்து ஏறும் பாதைகளில் ஒன்றுக்கு 37 என்ற ஏற்றம் வருகையில், வண்டியைத் தள்ளிவிடப் பின்னாலும் எஞ்சின் கோக்கிறார்கள். நீலகிரி மலை ரயிலில் ஏறக்குறைய ஒன்றுக்கு 12; அங்கே பல்சக்கரமும் பல் தண்டவாளமும் இல்லாமல் வண்டி ஏறாது. தந்தையாரின் பார்வைக்கு நாம் வைத்த ஏற்றம் ஒன்றுக்கு மூன்றுகூட இல்லை! அவர் பிடரியிலே பல்சக்கரத்துக்கு எங்கே போவார்?

பாகைக் கணக்கில் இது 20-க்கு மேல். கண் மட்டத்திலிருந்து திரையின் நடுப்பகுதி 15 பாகைக்கு மேற்படலாகாது என்பது இத்துறையில் பலரும் கொள்ளும் வரம்பு. பாகைமானி தேட வேண்டா, 4 அடி தள்ளி அமர்ந்தால் 1 அடி, 8 அடி தள்ளி அமர்ந்தால் 2 அடி, அவ்வளவே மேலெல்லை. அதுவும் எல்லைதானே தவிர, இலக்கு அன்று. இளைப்பாறும் மனிதனின் பார்வை இயல்பாகவே கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே விழுவது. மேல்நோக்கிப் பார்க்கையில் இமை அகல விரிகிறது. விழி காற்றுக்கு அதிகமாய்த் திறந்து விரைவில் உலர்கிறது. மின்விசிறியின் கீழே அமர்ந்து ஒரு முழு ஆட்டம் கிரிக்கெட் பார்த்த இளைஞர்கள் கண்ணைக் கசக்குவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம். போதாக்குறைக்கு, சிலவகைத் திரைகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் நிறமே வெளுத்துத் தோன்றும். பெட்டி பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் நாற்காலியில் அமர்ந்தும் எழுந்து நின்றும் பார்ப்பது நலம்.

அப்படியாயின் இவ்வளவு பேர் ஏன் உயரே மாட்டுகிறோம்? நம் எண்ணம் இது. நம் நாட்டில் தொலைக்காட்சி வீட்டுப் பொருளாக வரவில்லை. பொதுப் பொருளாகவே வந்தது. டில்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய காலத்தில் பலர் கூடிப் பார்க்கும் கருவியாகவே அது இருந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 சிற்றூர்களுக்குக் காட்டியபோதும், ஊர் முழுதும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்தது. சென்னை நிலையம் தொடங்கியதும் அந்த 1975 ஆகஸ்டில்தான். பின்னர் நம் ஊர்களில் ஊராட்சி மன்றத்துப் பெட்டி மேடைமேல், கதவு போட்ட அறையில் இருந்ததைப் பெரியோர் மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் தெரிய வேண்டுமானால் பெட்டி எல்லார் தலைக்கும் மேலேதான் இருக்க வேண்டும். இரயில் நிலையங்களிலும் அப்படியே. பயணிகள் நிற்பவர்கள், நடப்பவர்கள். அங்கே உயரமே முறை.

இன்னொரு பழக்கம், படம் மாட்டும் பழக்கம். நம் மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் 2012 முதல் நடைபெறும் பினாலே கலைக்காட்சிக்குச் சென்றவர்கள் நினைத்துப் பாருங்கள். சுவரிலுள்ள ஓவியத்தை நின்றுகொண்டே பார்க்கிறோம். அதனால் ஓவியத்தின் நடுப்பகுதி நிற்பவர் கண்ணுக்கு நேராக, 5 அடிக்குச் சற்றுக் குறைய இருக்கும்படி தூக்குவது காட்சிக்கூடங்களில் வழக்கம். தொலைக்காட்சியையோ யாரும் நின்று பார்ப்பதில்லை. சாமி படம் உயரே இருப்பது பக்தி. அதை நாள்தோறும் மூன்று மணி நேரம் இமை கொட்டாமல் பார்ப்பாருமில்லை.

தாய்மார்கள் கேட்கக்கூடும்: "தாழ மாட்டினால் குழந்தை இழுத்துவிடாதா?" நல்ல கேள்வி. மேசைமேல் தாங்காமல் நிறுத்திய பெட்டியைத்தான் குழந்தை இழுத்துச் சாய்த்துக்கொள்ளும், விளைவு கொடியது. சுவரோடு திருகிய பெட்டி அவ்வாறு சாய்வதில்லை. ஆகவே சுவரில் மாட்டுவது நன்றே. விரல் கறை படும், துடைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கண்ணுக்கு அளப்பது என்பதிலேதான் நம் வீட்டில் சிறு வழக்கு எழுந்தது. நம் இல்லாள் பாயில் அமர்ந்து கீரை ஆய்ந்தபடி பார்ப்பவர். அவர் கண் 29 அங்குலத்தில். பிள்ளைகளும் பாயில்தான். அவர்களுக்காக மிகவும் தாழ்த்தினாலோ தந்தையாருக்கு வேறு தொல்லை. வெள்ளெழுத்துக்காக அவர் அணிவது இரட்டைப் பார்வைக் கண்ணாடி; கீழ்ப்பாதி நூல் படிக்க, மேற்பாதி தொலைவு பார்க்க. திரை மிகத் தாழ்ந்தால் படிக்கும் பகுதி வழியே பார்க்க நேர்ந்து படம் மங்கும். மோவாயை மார்போடு அழுத்த வேண்டும். முடிவில், எளிதில் இடம் மாற இயலாதவர் எவரோ அவர் கண்ணே அடிப்படை என்று தீர்த்தோம். திரையின் நடுப்பகுதி 42 அங்குலம். தந்தையாருக்கு நேர், பாயில் இருப்பவர்க்கு ஒன்றுக்கு ஏழு என்ற மெல்லிய ஏற்றம். சாய்வு நாற்காலியில் படுத்தாற்போல் பார்ப்பவரும், கட்டிலில் கிடப்பவரும் உள்ள வீடுகளில் இன்னும் உயர்த்தலாம். உடல் சாயும்போது பார்வையும் மேலே போகிறது. 42 என்ற எண்ணை யாரும் நம்மிடமிருந்து எழுதிக்கொண்டு போக வேண்டா. நாடாவைக் கொண்டு போங்கள்.

துளையிடுமுன், திரையின் அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டு வைத்தோம். 43 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 37½, உயரம் 21 அங்குலமே. அந்தத் தாளின் எதிரே தந்தையாரை அமர்த்திப் பார்த்தோம். "என்னப்பா, போன வருஷத்துச் செய்தியா?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் செய்த முதல் வேடிக்கை அது. மாலையில் சன்னல் வெளிச்சம் அவ்விடத்தில் விழுவதும் அப்போதுதான் தெரிந்தது. அரை அடி இடப்புறம் தள்ளினோம்.

சுவரைப் பற்றியும் ஒரு சொல். இங்குள்ள பழைய வீடுகள் பல செம்புறாங்கல்லால் ஆனவை. மலையாள அன்பர்கள் வெட்டுகல் என்பர். மேலே சுண்ணாம்புச் சாந்து தடித்துக் கிடக்கும். சிறிய ராவல் பிளக் சாந்தோடு நின்றுவிட்டால் ஒரு நாள் சாந்தோடு வந்துவிடும். கல்லுக்குள் ஆழச் செல்லும் நீண்ட பிடிப்பு வேண்டும். காயல் காற்றில் சாதாரணத் திருகாணி துருப்பிடிக்கும். துருவேறாத எஃகு வாங்குங்கள். மழைக்காலத்தில் ஈரங்காணும் வெளிச்சுவரைத் தவிருங்கள். பெட்டியின் முதுகிலுள்ள திருகாணித் துளைகள் எப்போதும் நட்டநடுவில் இருப்பதில்லை. துளையிலிருந்து பெட்டியின் கீழ்விளிம்பு எத்தனை அங்குலம் என்று தனியே அளந்துகொள்ளாவிடில், கணக்கெல்லாம் சரியாயிருந்தும் பெட்டி தவறான இடத்தில் போய் நிற்கும்.

இரண்டாம் முறை மாட்ட வந்ததும் அதே இளைஞர்தான். "சார், இது ரொம்பத் தாழ்வு, பார்ப்பதற்கு எடுப்பாயிராது" என்று இருமுறை எச்சரித்தார். தந்தையாரை நாற்காலியில் அமர்த்தி, அவர் கண்ணருகே நாடாவின் நுனியைப் பிடித்து, மற்றொரு நுனியை அவர் கையில் கொடுத்தோம். ஒன்றும் பேசாமல் கோடு போட்டார்.

தந்தையார் இப்பொழுது செய்தி முடியும்வரை அமர்ந்திருக்கிறார்; முடிந்த பின்னும் அமர்ந்து, வானிலை அறிக்கை தவறு என்று வாதிடுகிறார். பிடரி வலி முற்றும் போகவில்லை. மருத்துவர் சொன்ன பயிற்சி நடக்கிறது. மேலே, பழைய இடத்தில் நான்கு துளைகள் இருக்கின்றன. சுண்ணாம்பு வாங்கி அடைக்க வேண்டும் என்று மூன்று மாதமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு நம் சங்கத்தின் நாட்காட்டியை அங்கே தொங்கவிட்டிருக்கிறோம். தேதி பார்க்க மட்டும் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம்.

நாடா நம்மிடம் ஒன்று உண்டு. வேண்டுவோர் ஞாயிறன்று வந்து வாங்கிச் செல்லலாம். திருப்பித் தந்துவிட வேண்டும்.