தாய் பெயரிலும் பிள்ளை பெயரிலும் விடுதலையை எழுதுங்கள்!



செங்கல் சூளையிலிருந்து கொத்தடிமைக் குடும்பங்கள் மீட்கப்பட்டன என்று செய்தி வருகிறது. கோட்டாட்சியர் வந்தார், வண்டி வந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று படிக்கிறோம். நல்லது நடந்ததென்று மனம் ஆறி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த வண்டி ஊரில் இறக்கிவிட்ட பிறகு தாயும் பிள்ளையும் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள் என்று கேட்பார் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். தாயின் உழைப்பையும் பிள்ளையின் உழைப்பையும் கணக்கில் எழுதாமலே பறித்துக்கொண்டது கொத்தடிமை முறை. விடுதலையும் அவர்கள் பெயரை எழுதாமல் விட்டால், சூளை முதலாளியின் பேரேட்டை அரசாங்கம் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வுப் பணமும் மனையும் தாய்க்கும் பிள்ளைக்கும் அவரவர் உரிமையாகவே வந்து சேர வேண்டும் என்கிறேன்.

அந்தப் பேரேடு எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கங்களில் இருளர் குடும்பங்களைத் தேடி, மழைக்காலத்தில் வேலையற்றுக் கிடக்கும் நேரம் பார்த்து, முன்பணம் வருகிறது. பிரசவச் செலவு, வைத்தியச் செலவு, சாவுச் செலவு என்று கை நீட்டாமல் இருக்க முடியாத நேரம் அது. வாங்குபவர் கணவர், உழைக்கப் போவது குடும்பம் முழுவதும். மண் குழைப்பது, கல் அறுப்பது, காய்ந்த கல்லைப் புரட்டுவது, அடுக்குவது எல்லாவற்றிலும் பெண்ணின் கையும் பிள்ளையின் கையும் இருக்கின்றன. கூலியோ ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ஒரே ஆண்பெயரில் எழுதப்படுகிறது. அவர் ஊரில் ஒரு சாவுக்குப் போக வேண்டுமென்றால் மனைவியும் பிள்ளையும் சூளையிலேயே நிறுத்தப்படுகிறார்கள். கூலிக் கணக்கில் இடமில்லாதவர்களுக்குக் கடனின் பிணையாக மட்டும் இடம் கிடைக்கிறது!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனையே இல்லாமல் ஆக்கிவிட்டது. கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர் தலையிலேயே வைத்தது. 2016ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம் ரூபாய் என்றால் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் 2 லட்சம் என்கிறது. பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். பெண்ணும் பிள்ளையும் கூடுதலாக இழந்தவர்கள் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு இது. ஆனால் உடனே கைக்கு வருவது முதலில் 20,000 வரை, இப்போது 30,000 வரையிலான முதலுதவித் தொகைதான். மீதிப் பெருந்தொகை வழக்கின் போக்கோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. குற்றவாளிக்கு வாய்தா நீள நீள, குற்றத்துக்கு ஆளானவளின் அடுப்பு அணைந்து கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? 2030க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்போம் என்று 2016இல் ஒன்றிய அரசு சொன்னது. 1978 முதல் 2023 தொடக்கம் வரை மறுவாழ்வு பெற்றவர்களோ சுமார் 3.15 லட்சம் பேர். இந்த வேகத்தில் போனால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கணக்கு முடியாது.

இந்தக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுவதை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தருவதுதானே நாணயம் என்கிறார்கள். நாணயம் பேசுவோம். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தாய்க்குத் தனியாகக் குறைந்தபட்சக் கூலி போட்டுக் கணக்குப் பாருங்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது தெரிந்துவிடும். மீட்டாலும் மறுபடி அங்கேயேதான் போகிறார்கள் என்பது அடுத்த வாதம். ஆம், போகிறார்கள். ஃபரீதாபாத் கல் குவாரிகளிலிருந்து விடுவிக்கப்பட்ட மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் மறுவாழ்வு கிடைக்காமல் மாதக்கணக்கில் தவித்த வழக்கில், 1984இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குக் காரணம் சொல்லிவிட்டது: மறுவாழ்வு இல்லாத விடுவிப்பு, வறுமையின் கையால் அவர்களை மீண்டும் அடிமைத்தனத்தில் தள்ளிவிடும். பணம் கொடுத்தால் ஆண்கள் குடித்துத் தீர்ப்பார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் தாயின் கணக்கில் போடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்! தனித்தனியே எழுதினால் குடும்பம் பிரியுமே என்ற அச்சமும் வேண்டாம். தன் பெயரில் சான்றும் சேமிப்பும் உள்ள பெண்ணை யாரும் யாருடைய கடனுக்கும் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது. குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய காவல் இல்லை.

பிள்ளை அப்பா அம்மாவுக்கு ஒத்தாசை செய்தது குற்றமா என்று சூளை முதலாளிகள் கேட்கிறார்கள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்ததால் வந்த துணிச்சல் இது. சூளை யாருடைய குடும்பத் தொழில்? லாபம் முதலாளிக்கு, கடன் குடும்பத்துக்கு என்றிருக்கும் இடத்தில் பிள்ளை செய்தது கூலியில்லா வேலைதான். மீண்டு வந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததாகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் கடமை முடிந்துவிடாது. எழுத்தே அறியாத பத்து வயதுப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற வகுப்பும், அதை எட்டிப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும், 14 வயதைக் கடந்தாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் உரிமையும் உண்டென்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பயிற்சி நடக்கிறதா, சாதிச் சான்று கிடைக்காமல் விடுதியும் உதவித்தொகையும் தள்ளிப்போகின்றனவா என்று கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அமைந்த மாவட்டக் கண்காணிப்புக் குழு மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

மனை ஏன் வேண்டும் என்பதற்கு நம் தஞ்சை மண்ணே சாட்சி. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் பண்ணையாளின் குடிசை மிராசுதார் மண்ணில்தான் நின்றது. வாய் திறந்தால் குடிசை போய்விடும் என்ற பயம் சட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது. குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தபோதுதான் அந்தப் பயத்தின் வேரில் வெட்டு விழுந்தது. நிற்கச் சொந்த இடம் இருப்பவர்தான் கூலி பேச முடியும், வேண்டாம் என்று சொல்ல முடியும். சூளையிலிருந்து வந்த தாய்க்கும் அந்த இடம் வேண்டும்.

எனவே அரசை வற்புறுத்துவோம். மீட்கும் இடத்திலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனி விடுதலைச் சான்றிதழ் கொடுங்கள். மறுவாழ்வுத் தொகையை வழக்கின் முடிவிலிருந்து அவிழ்த்து, தாய்க்கும் பிள்ளைக்கும் தனிக் கணக்கில் செலுத்துங்கள். அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன்பே தாயின் பெயரில் மனைப்பட்டாவும், அவள் கைக்கு வேலையும் கொடுங்கள்; முன்பணம் தேடி வருவது அந்தக் காலத்தில்தான். தோழர்களே, உங்கள் வட்டத்தில் மீட்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் அதில் எழுதப்படும் வரை, தொகை முழுவதும் வந்து சேரும் வரை, கோட்டாட்சியர் அலுவலக வாசலை விட்டு நகர மாட்டோம் என்று இந்த மாநாட்டில் தீர்மானம் செய்வோம்!