தொடுத்த மாலையும் தொடுத்த கையும்

(கும்பாபிஷேக விழாச் சொற்பொழிவு)



கும்பநீர் கலசத்தின்மேல் விழுவது ஒரு கணம். அக்கணத்தைக் காண ஆயிரமாயிரம் கண்கள் அண்ணாந்து நோக்குகின்றன. கைகள் தாமே தலைமேற் குவிகின்றன. நெஞ்சம் நெகிழ்ந்து கண்ணீர் பெருகுகின்றது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிட்டும் பெரும் பேறு அது. ஆயின், இந்தக் கும்பாபிஷேகத்துக்கும் அடுத்த கும்பாபிஷேகத்துக்கும் இடையே நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் உள்ளன. அந்நாட்களில் வைகறையில் எழுந்து மலர் கொய்பவர் யார்? விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பவர் யார்? பக்தி என்பது அந்த ஒரு கணத்திற் பொங்கும் உணர்ச்சியா? அல்லது அந்த நாலாயிரம் நாட்களிலும் ஓயாமல் நடைபெறும் தொண்டா?

இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. மேற்கு மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அவ்விடையைத் தம்மிடத்தே வைத்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய விஷ்ணுசித்தர், இறைவனுக்கு உகந்த தொண்டு யாது என்று ஆராய்ந்தார். மதுராபுரியிலே மாலை கட்டும் ஒருவர் இல்லத்துக்குக் கண்ணன் தானே சென்று மாலை வேண்டிப் பெற்ற வரலாறு அவர் உள்ளத்தில் நின்றது. வடபத்திரசாயிக்கு மாலை தொடுத்தளிப்பதே தம் பணி என்று துணிந்தார். நந்தவனம் ஒன்றை அமைத்தார். மண்ணைக் கொத்தினார், நீர் இறைத்தார், களை பறித்தார், பூச்சியும் புழுவும் அண்டாமல் செடிகளைக் காத்தார். பக்தியின் முதற் பாடத்தை அவர் மண்வெட்டி கொண்டு எழுதினார் என்றால் அது மிகையன்று.

மாலை தொடுக்கும் பணிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. கோயில் கட்டுவோன் கல்லை வைத்துச் செல்கின்றான், கல் நிற்கும். மாலை கட்டுவோனுக்கு அந்த ஆறுதல் இல்லை. காலையில் தொடுத்தது அந்தியில் வாடும். நேற்றுத் தொடுத்த மாலையை இன்று சாத்த இயலாது. ஆதலின், அவன் நாள்தோறும் புதிதாகத் தொடங்க வேண்டும். அன்பும் அத்தகையதே அன்றோ? நேற்றுக் காட்டிய அன்பைச் சொல்லி இன்றைய கடமையினின்றும் தப்ப முடியுமா?

பின்னர் ஒருநாள் வந்தது. பாண்டியன் வல்லபதேவனது அவையிலே பரம்பொருள் இன்னது என நிறுவிப் பொற்கிழியைப் பெற்றார் விஷ்ணுசித்தர். யானைமேல் ஏற்றி அவரை மதுரைத் தெருக்களில் உலா வரச் செய்தான் மன்னன். கருடன்மேல் காட்சியளித்த பெருமானிடம் அவர் தமக்கென ஒன்றும் கேட்டாரில்லை. இறைவனுக்கே கண்ணேறு படுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு வாழ்த்தினார். அதனாலன்றோ அவர் பெரியாழ்வார் ஆயினார்! அடுத்து அவர் செய்ததுதான் எண்ணி எண்ணி வியக்கத் தக்கது. யானையினின்றும் இறங்கினார், ஊருக்குத் திரும்பினார், பெற்ற பொருளைப் பெருமானுக்கே ஆக்கினார், மீண்டும் தம் பூங்குடலையை எடுத்துக்கொண்டார். 11 நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் வடபத்திரசாயி கோயில் இராஜகோபுரம் அப்பொருளால் எழுந்தது என்று மரபு கூறும். யானைமேல் ஏறிய நாள் ஒன்று. நந்தவனத்தில் குனிந்த நாட்களோ எண்ணில. அவரது பெருமை எந்நாளில் விளைந்தது என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.

அந்த நந்தவனத்தில் துளசியின் அடியிலே கிடைத்த குழந்தையே கோதை. தந்தையின் கைகள் ஒவ்வொரு மலரையும் எவ்வளவு கனிவோடு எடுத்துத் தொடுக்கின்றன என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அன்பு இன்னது என்று அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்பு வேலை செய்வதை அவள் கண்ணாரக் கண்டாள். கண்டவள் காதல் கொண்டாள். பெருமானுக்குரிய மாலையைத் தான் சூடி, அவனுக்குத் தான் ஏற்றவள்தானா என்று அழகு பார்த்த பின்னரே கொடுத்தனுப்பினாள்.

ஒருநாள் மாலையிலே கூந்தல் இழை கண்டார் தந்தை. உள்ளம் நடுங்கினார். விதி ஒருபுறம், மகள் ஒருபுறம். அன்று அவர் மாலையைச் சாத்தவில்லை. இரவு கனவிலே தோன்றிய பெருமான், அவள் சூடிய மாலையே தனக்கு உகந்தது என்று அருளினான். விதியைப் பழித்ததாக இதனைக் கொள்ளலாகாது. தவறு கண்டபோது நடுங்கிய தந்தையின் நேர்மையும் உண்மை. தவறென்றே அறியாத மகளின் காதலும் உண்மை. இரண்டையும் இறைவன் ஏற்றான். இன்றும் அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு மதுரைக்கும் செல்கின்றது.

கோதையின் காதல் தன்னலமுடையதாக நிற்கவில்லை. திருப்பாவையின் 30 பாசுரங்களில் அவள் தனியே இறைவனை நாடிச் செல்கின்றாளா? இல்லை. உறங்கும் தோழியர் வீடுதோறும் சென்று எழுப்புகின்றாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலோ அவளது ஏக்கமே உருகி ஓடுகின்றது. தான் பெறும் இன்பத்துக்குப் பிறரையும் கூட்டிச் செல்வதும், கிடைக்கும் வரையில் ஆறாது தவிப்பதும் ஒருங்கே அமைந்த காதல் அது.

இனி நம்பிக்கையைக் காண்போம். மானிடருக்கு வாழ்க்கைப்படேன் என்றாள் மகள். தந்தை என் செய்வார்? அரங்கன் அழைத்தான் என்று திருவரங்கத்துக்கு அவளை அழைத்துச் சென்றார். சந்நிதியுள் புகுந்தவள் திரும்பி வரவில்லை. அவள் இறைவனோடு கலந்தாள் என்று உலகம் போற்றிற்று. ஆனால், வெறும் பல்லக்கோடு ஊர் திரும்பிய தந்தையின் உள்ளத்தை நினைப்பவர் சிலரே. வாழ்நாளெல்லாம் பூவைப் பறித்து இறைவனுக்கு அளித்தவர், இறுதியில் தாம் வளர்த்த பூங்கொடியையே அளித்தார். கொடுப்பதற்கு எளிதானதைக் கொடுப்பது கொடை. கொடுத்தபின் வீடு வெறிச்சோடிப் போகும் என்று தெரிந்தும் கொடுப்பது நம்பிக்கை.

அந்தத் தந்தையின் ஏக்கத்தை ஊர் மறக்கவில்லை. மார்கழித் திருவிழாவில் பகற்பத்தின் தொடக்க நாளன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் பெரியாழ்வார் வம்சத்தார் இல்லத்துக்கு எழுந்தருள்கின்றனர். பிறந்தகம் வரும் மகளை வரவேற்கக் காய்கனிகளைப் பரப்பி வைக்கின்றனர். பச்சைப் பரப்பு என்பது அதன் பெயர். மகளைக் கொடுத்தவர் வீட்டுக்கு ஆண்டுதோறும் மகள் வருகின்றாள்! ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளியும் அத்தகைய அன்பின் அடையாளமே. மாதுளம்பூவால் அலகும், பச்சிலைகளால் உடலும், மூங்கிற் குச்சியாற் காலும் அமைத்து, பல மணி நேரம் உழைத்துச் செய்யும் கிளி அது. மறுநாள் வேறு கிளி வேண்டும். பெரியாழ்வாரின் மாலைபோல் அதுவும் நாள்தோறும் பிறக்கின்றது.

மனிதன்தான் இறைவனுக்குத் தொண்டு செய்வான் என்பதில்லை. இராஜபாளையத்துப் பெத்தவநல்லூரிலே மாயூரநாதர் எழுந்தருளியிருக்கின்றார். பேறுகால வேதனையில் துணையின்றித் தவித்த ஒரு பெண்ணுக்குப் பெற்ற தாயாகவே வந்து, இறைவன் மகப்பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. மருத்துவச்சியின் வேலையை இழிவென்று கருதாத இறைவனைத் தொழும் ஊரில், எந்த நல்ல தொழிலை இழிவென்று கருத இயலும்?

அவ்வூர் உழைப்பாற் பெயர் பெற்றது. 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா அங்கே நூற்பாலையை நிறுவினார். அருகிலுள்ள சத்திரப்பட்டியிலோ காயங்களுக்குக் கட்டும் துணி நெய்யப்படுகின்றது. அதை நெய்பவர், எந்த ஊரில் எவருடைய புண்ணை அது மூடப்போகின்றது என்பதை அறியார். இழை அறுந்தால் நின்று முடிகின்றார், மீண்டும் நெய்கின்றார். முகம் தெரியாத ஒருவன் வலிக்காக ஒழுங்காக நெய்யும் அந்தக் கையும், முகம் காட்டாத பெருமானுக்காக மாலை தொடுத்த கையும் வேறு வேறா?

அதே இராஜபாளையத்திற் பிறந்தவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை இராஜ்யத்தின் தலைமை அமைச்சராகவும், பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கியவர். 1957-இல் மறைந்த அப்பெரியார், தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்கென ஊருக்கு அளித்தார். பதவி யானைமேல் உலா; அது ஒருநாள் முடியும். இறங்கிய பின் கையில் என்ன இருக்கின்றது என்பதே கேள்வி. அவர் கையில் கொடை இருந்தது.

அன்பர்களே! காதல் என்றும், தொழில் என்றும், நம்பிக்கை என்றும் உலகம் மூன்றாகப் பிரித்துப் பேசுகின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்திலே அவை மூன்றும் ஒன்றாகவே இருந்தன. வேலையில்லாத அன்பு வாய்ச்சொல். அன்பில்லாத வேலை கூலிச்சுமை. நம்பிக்கையில்லாவிடில் இரண்டும் இடைவழியில் நின்றுவிடும்.

திருப்பணிக்கு வாரி வழங்கிய வள்ளல்களின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்படுகின்றன. அது தக்கதே. ஆயின், கல் பேசாத பணிகள் பல உள. நாளைக் காலையில் கூட்டம் கலைந்துவிடும், பந்தல் பிரிக்கப்படும். அப்பொழுது ஒரு செடிக்கு நீர் ஊற்றவும், ஒரு திரியைத் தூண்டவும், பிராகாரத்தைக் கூட்டவும், மடைப்பள்ளிக்கு ஒரு படி அரிசி அளிக்கவும் கைகள் வேண்டும். வீட்டில் நோயுற்ற முதியோருக்கு முகம் கோணாமற் கஞ்சி ஊட்டுவதும், தறியிலும் ஆலையிலும் வயலிலும் பிறர் காணாத இடத்திலும் பழுதின்றி வேலை செய்வதும் அந்தத் தொண்டின் பகுதிகளே. பொன் கொடுத்தவர் நாளும் கொடுப்பாராக. பொன் இல்லாதவர் நாளையே கொடுப்பாராக.

கலசத்தின்மேல் விழுந்த நீர் காய்ந்துவிடும். அந்நீரின் குளிர்ச்சி நாலாயிரம் நாட்களுக்கு நிற்க வேண்டுமாயின், அது நம் கைகளிலேதான் நிற்க வேண்டும். நாள்தோறும் ஒரு புதிய மாலை தொடுக்கும் மனத்தை, சூடிக்கொடுத்த சுடர்க்கொடியும் அவளை வளர்த்த பெருந்தகையும் அனைவருக்கும் அருள்வார்களாக!

வாழ்க திருத்தொண்டு! வளர்க அன்பு நெறி!