தூண்டிற்கோலும் கண்மாய்க் கரையும்



விருதுநகர் மாவட்டத்தை வறண்ட நிலம் என்று சொல்லிப் பழகிவிட்டனர். கரிசற்காடும், வானம் பார்த்த வேளாண்மையும், தீப்பெட்டி, வெடி, அச்சு ஆகிய தொழில்களுமே அம்மண்ணின் அடையாளம் என்பர். ஆயினும் நீரைத் தேக்கிக் காப்பதில் அம்மண்ணின் மாந்தர் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். ஊர்தோறும் கண்மாய் வெட்டினர், கரை எழுப்பினர், மடையும் கலுங்கும் அமைத்தனர். மேற்குமலை அடியில் பிளவக்கல் பெரியாறும் கோவிலாறும் அணையுண்டு நிற்கின்றன. வைப்பாற்றில் வெம்பக்கோட்டை, அர்ச்சுனா ஆற்றில் ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, கௌசிகா ஆற்றில் குல்லூர்ச்சந்தை, ஈராறு கூடுமிடத்தே இருக்கன்குடி என நீர்த்தேக்கங்கள் பல உள. வடகிழக்குப் பருவமழை வஞ்சிக்காத ஆண்டில் இவை நிறையும். நீர் நிறைந்த இடத்தில் மீன் நிறையும். மீன் நிறைந்த கரையில் தூண்டிற்காரன் வந்து அமர்வான்.

கிழமைக்கு ஆறு நாள் மருந்தும் தாளும் கையாண்ட தொழிலாளி, ஏழாம் நாள் மடையோர வேம்பின் நிழலில் கோலூன்றி அமர்கின்றான். அவனுக்குக் கிடைப்பது ஒரு வேளைக் குழம்பு மட்டுமன்று; ஓய்வும் பொறுமையும் கூடக் கிடைக்கின்றன. அதே கரையில் இன்னொருவன், மருந்தைப் பொட்டலமாகக் கட்டி நீரில் எறிந்து நொடிப்பொழுதில் மீனள்ள நினைக்கின்றான். தூண்டிலா, வெடியா என்னும் இவ்வினா விளையாட்டு வினா அன்று. கண்மாயின் உயிரும் மாந்தனின் கையும் அதில் அடங்கியுள்ளன. தூண்டிற்கலையைச் செவ்வையாகக் கற்றவன் வெடியை நாடான். கல்லாதவனே பொறுமையிழந்து குறுக்குவழி தேடுவான். ஆகலின் அக்கலையின் நுட்பங்களை முறையாக அறிதல் வேண்டும்.

முதலாவது, கோல். தமிழர்க்குத் தூண்டில் புதிதன்று. குறுந்தொகையின் 54-ஆம் பாடலைப் பாடிய புலவர்க்கு மீனெறி தூண்டிலார் என்பதே பெயர். தினைப்புனங் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை, வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலைக் கைவிட, அது விருட்டென மேலெழும் காட்சிக்கு மீன் கவ்விய தூண்டிற்கோல் மேலெழுவதை அவர் உவமை கூறினார். அவ்வுவமையாலேயே அவர் பெயர் நிலைத்தது. கோலின் இயல்பு முழுவதும் அவ்வுவமையில் உள்ளது. வளைய வேண்டும், வளைந்தது மீள வேண்டும். வளையாத கோல் நரம்பை அறுக்கும். மீளாத கோல் மீனை நழுவவிடும். பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமுள்ள, அடி பருத்து நுனி மெலிந்த, கணு நெருங்கிய முற்றிய மூங்கில் கண்மாய்க்குப் போதுமானது. வெட்டிய மூங்கிலை வெயிலில் இடாது நிழலில் உலர்த்தவேண்டும். கடைகளில் விற்கும் கரியிழைக் கோல்கள் எடை குறைந்தவை. ஆனால் அவை மின்னைக் கடத்துவன. கரையோரம் மின்கம்பி செல்லுமிடத்தில் அவற்றை உயர்த்துவது உயிர்க்கே கேடு. நனைந்த மூங்கிலும் அவ்விடத்தில் நம்பத்தக்கதன்று.

இரண்டாவது, நரம்பு. ஊரில் தங்கூசி என்று வழங்கும் நைலான் நரம்பே எங்கும் கிடைப்பது. சிறுகெண்டைக்கும் சிலேபிக்கும் 0.20 மில்லிமீட்டர் தடிப்பு போதும். கெளுத்திக்கு 0.30, புதரிடையே பதுங்கும் விராலுக்கு 0.40 வேண்டும். தடித்த நரம்பு வலிமையானது என்று எண்ணி எதற்கும் அதையே கட்டுவது பிழை. தடித்த நரம்பில் இரை இயல்பாக அசையாது. மீன் ஐயுற்று விலகும். வெயிலில் கிடந்து வெளுத்த நரம்பை ஆண்டுதோறும் மாற்றுதல் நன்று.

மூன்றாவது, முள். முள்ளின் எண் பெரிதாயின் முள் சிறிதாகும் என்பதைப் புதியோர் மறந்துவிடுகின்றனர். 14, 16 எண்கள் சிறுகெண்டைக்கு. 8, 10 சிலேபிக்கும் கெளுத்திக்கும். விராலுக்கு அவற்றினும் பெரிய முள். கூர் மழுங்கியதா என்று அறிய முள்ளின் நுனியைக் கைந்நகத்தின்மீது மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் மழுங்கியது, பற்றினால் கூரியது.

முடிச்சு தளர்ந்தால் முன்னவை யாவும் வீண். நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து, மூல நரம்பின்மேல் ஐந்து முறை சுற்றி, காதை ஒட்டி உண்டாகும் சிறு கண்ணியில் நுனியைத் திரும்பச் செருகி, எச்சிலால் நனைத்து, மெல்ல இறுக்குக. உலர்ந்தபடியே இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போயிற்று என்று சொல்லப்படும் கதைகளுள் பல, உண்மையில் முடிச்சு நழுவிய கதைகளே.

நான்காவது, தக்கையும் எடையும். மயிலிறகின் தண்டும், நெட்டித் துண்டும், உலர்ந்த சோளத்தட்டையின் உட்சோறும் நல்ல தக்கையாகும். தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியுமாறு எடை கட்டவேண்டும். பாதிக்கு மேல் மிதக்கும் தக்கையை இழுக்க மீன் வலிந்து முயலவேண்டியிருக்கும். அம்முயற்சியில் அதற்கு ஐயம் பிறக்கும். எடைக்கு ஈயக்குண்டே வழக்கம். ஆனால் ஈயம் நஞ்சு. நீர்ப்பறவைகள் அதனைக் கூழாங்கல் என்று விழுங்கி மாள்கின்றன. அன்னங்கள் அவ்வாறு மடிந்தமையால் இங்கிலாந்தில் 1987-இல் சிறு ஈயக்குண்டுகளைத் தூண்டிலில் கட்டுவதற்குத் தடை விதித்தனர். கொக்கும் நாரையும் இறங்கும் கண்மாய்களுக்கும் அவ்வுண்மை பொருந்தும். சிறிய இரும்பு வளையமோ துளையிட்ட கல்லோ அவ்வேலையைச் செய்யும். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கத்தைச் சிறுவர் அறவே விடவேண்டும்.

ஆழம் அறியாது தூண்டிலிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும். முள்ளில் சற்றுக் கனத்த எடையைக் கோத்து நீரில் விடுக. தக்கை மூழ்கினால் ஆழம் மிகுதி, தக்கையை மேலேற்றுக. படுத்து மிதந்தால் ஆழம் குறைவு, கீழிறக்குக. நுனி மட்டும் தெரியும் அளவே அவ்விடத்தின் ஆழம். தரையில் மேயும் கெளுத்திக்கு இரை தரையைத் தொடவேண்டும். இடைநீரில் திரியும் கெண்டைக்கு ஒரு சாண் மேலே நிற்கவேண்டும்.

இனி, இரை. கரிசற் கண்மாயின் நீர் பெரும்பாலும் கலங்கியிருக்கும். கலங்கிய நீரில் மீன் கண்ணால் தேடுவதினும் மணத்தால் தேடும். எனவே மணமுள்ள இரையே ஏற்றது. விருதுநகர் எண்ணெய் வணிகத்திற்குப் பேர்போன ஊர். கடலைப் பிண்ணாக்குக்கு அங்குப் பஞ்சமில்லை. பிண்ணாக்கைப் பொடித்துத் தவிட்டோடு பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, தூண்டிலிடும் இடத்தில் இரண்டு மூன்று எறிந்தால் மீன் கூடும். மிகுதியாக எறியலாகாது, வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தொடாது. முள்ளில் கோக்க, கெண்டைக்குக் கோதுமை மாவும் கேழ்வரகுக் களியும், கெளுத்திக்கு மண்புழு, விராலுக்குச் சிறு மீனோ தவளையோ ஏற்றவை. மாவில் சிறிது பஞ்சு கலந்து பிசைந்தால் நீரில் கரையாது நிற்கும்.

இடமும் வேளையும் அறிதல் பாதி வெற்றி. காற்று அடித்துச் செல்லும் பக்கத்துக் கரையில் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் ஒதுங்கும். மீனும் அங்கேயே மேயும். மடைவாய், வேலம்புதர், மூழ்கிய கற்குவியல் ஆகியவை மீன் ஒதுங்கும் இடங்கள். காலையும் மாலையும் ஏற்ற வேளைகள் என்பது பொதுவிதி. ஆயினும் நீர் வற்றிப் பச்சையேறிய கோடைக் கண்மாயில் விடியுமுன் உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும். அப்பொழுது நீர்மேல் வாய்பிளந்து நிற்கும் மீன் மூச்சுக்குத் தவிக்கின்றதேயன்றி இரைக்கு அலையவில்லை. அவ்வேளையில் தூண்டிலிடுவது பயனற்றது, மாலையே சிறந்தது. கரையில் தடதடவென நடத்தலும் ஆகாது. மீனின் பக்கவாட்டில் ஓடும் கோடு, நிலத்தின் அதிர்வு நீரில் பரவுவதை உடனே உணர்ந்துவிடும்.

தக்கையின் அசைவு ஒரு மொழி. கெண்டை கொத்தினால் தக்கை படபடவென நடுங்கிப் பின் சற்றே அமிழும். அமிழும் நொடியில் மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சுண்டவேண்டும். கெளுத்தி தக்கையைச் சாய்வாக இழுத்துக்கொண்டு போகும். தரையிலுள்ள இரையை எடுத்து மீன் மேலெழுந்தால் தக்கையும் மேலெழுந்து படுக்கும். அதுவும் கொத்தியதன் அடையாளமே. விரால் இரையைக் கவ்வி ஓடி, நின்று, பின்னரே விழுங்கும். உடனே சுண்டியவன் வெறும் முள்ளையே காண்பான். சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். பேராசையால் கெடுவது மீன் மட்டுமன்று. பொறுமையற்ற தூண்டிற்காரனும் அவ்வாறே கெடுவான்.

பிடித்த மீனைக் கையாளுதல் தனிக்கலை. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் இருபுறச் செவுள்களின் பின்னே இரண்டும் ஆக மூன்று முட்கள் உண்டு. தேளியின் முள்ளோ நஞ்சுடையது. ஈரத்துணியால் தலையை மூடிப் பிடித்து முள்ளைக் கழற்றுக. குத்திவிட்டால், புண்ணைக் கழுவி, தோல் பொறுக்கும் அளவு வெந்நீரில் அரைமணியளவு அமிழ்த்தினால் வலி தணியும்; வீக்கம் மிகுந்தால் மருத்துவரை நாடவேண்டும். சிறு மீனை நனைந்த கையால் எடுத்து நீரிலேயே விட்டுவிடவேண்டும். உலர்ந்த கை அதன் உடற்பூச்சை உரித்துவிடும்.

எதனைப் பிடிக்கலாகாது என்பதும் அறியத்தக்கது. செந்நிறக் குஞ்சுகள் திரளாகச் சுழலும் இடத்தில், அவற்றின் கீழே தாய்தந்தை விரால்கள் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் அத்திரள் முழுதும் பிற மீன்களுக்கு இரையாகும். புதுவெள்ளம் கலுங்கு தாண்டும்போது நீரை எதிர்த்து ஏறும் மீன்கள் முட்டையிடச் செல்பவை. அவற்றை அன்று விட்டால் அடுத்த ஆண்டு கண்மாய் நிறையும். இங்கிலாந்தின் ஆறுகளில் ஆண்டுதோறும் மார்ச்சு 15 முதல் சூன் 15 வரை இத்தகைய நன்னீர் மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிக்கத் தடை உண்டு. மீனின் இனப்பெருக்கப் பருவத்தை மதிக்கும் நெறி அது. சட்டம் இல்லாத இடத்தில் மாந்தனின் மனமே சட்டமாக வேண்டும்.

இனி வெடியைப் பற்றி. நீரில் வெடி வெடித்தால் அதன் அதிர்வு மீனின் காற்றுப்பையைக் கிழிக்கும். பெரிய மீன், குஞ்சு, முட்டை என்ற வேறுபாடு அதற்கில்லை. செத்தவற்றுள் மேலே மிதப்பவை சிலவே. எஞ்சியவை அடியில் தங்கி அழுகி நீரையும் கெடுக்கும். உள்நாட்டு நீரில் வெடியாலும் நஞ்சாலும் மீனைக் கொல்வது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றமாகும். ஆனால் சட்டத்தினும் வலிய சான்று சிவகாசிப் பக்கத்து ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றது. மருந்து ஒரு நொடி பிழைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிறர் சொல்லி அம்மக்கள் அறியவேண்டுவதில்லை. பிழைப்புக்காக வேறு வழியின்றி மருந்தோடு பழகும் கை, ஒரு கூடை மீனுக்காக அதனைக் கண்மாய்க் கரைக்கும் கொண்டுவருதல் அறியாமையினும் அறியாமை!

கண்மாய் ஊர்ப்பொது. அதன் மீன்பாசி உரிமை பல ஊர்களில் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகின்றது. குத்தகையாளரின் இசைவு பெற்றே தூண்டிலிட வேண்டும். குத்தகை எடுத்தோரும், ஒரு கோலும் ஒரு முள்ளும் கொண்டு வரும் ஊர்ச்சிறுவரைப் பகைவராகக் கருதவேண்டுவதில்லை. கரையில் அமர்ந்த தூண்டிற்காரனே வெடியெறிவோனை முதலில் காணும் காவலன். சிறுவரைத் தனியே அனுப்புதல் ஆகாது. மண் அள்ளிய குழிகள் நீருக்கடியில் தெரியாமல் கிடக்கின்றன; நேற்றுவரை முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும். அறுந்த நரம்பைக் கரையில் எறியாது சுருட்டி வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதில் சிக்கிய பறவையின் கால் மீளாது.

அவையீர்! கோல், நரம்பு, முள், தக்கை, இரை, மடை, கலுங்கு: இக்கலைக்கு வேண்டிய சொற்களெல்லாம் தமிழிலேயே உள்ளன, கடன் கேட்க வேண்டியவை மிகச் சிலவே. இணைக்கயலைக் கொடியில் ஏந்திய பாண்டியர் நிலம் அது. கயல் கொடியில் மட்டும் எஞ்சாது கண்மாயிலும் வாழவேண்டுமாயின், ஒவ்வொரு தந்தையும் தன் மகனுக்கும் மகளுக்கும் ஒரு மூங்கிற்கோலை வெட்டிக் கொடுத்து, தக்கை அசையும்வரை காத்திருக்கக் கற்பிக்கட்டும். காத்திருக்கக் கற்ற கை வெடியைத் தொடாது.

வாழ்க கண்மாய்! வளர்க தமிழ்!