செசாரின் நாணயமும் தோமையாரின் வழியும்
(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா நாட்களில் மறையுரை கேட்டுக் கேட்டு உங்கள் செவிகள் நிறைந்திருக்கும். ஆகவே இன்று மறையுரை இல்லை; நாணயங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். காணிக்கைத் தட்டில் விழும் நாணயங்களைப் பற்றியதோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். இவை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை.

இதைப் பேசக் காரணம் இரண்டு கேள்விகள். "சாமி, தமிழ்நாட்டில் உரோமைக் காசுகள் கிடைத்திருக்கின்றனவே, தோமையார் இங்கு வந்தது நிரூபணமாகிவிட்டது அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். "தோமையார் வந்ததெல்லாம் கட்டுக்கதை என்கிறார்களே, என்ன பதில் சொல்வது?" என்று கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். சாந்தோமுக்குக் கூப்பிடு தூரத்தில் வாழும் நாம் இதற்கு நேர்மையான விடை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆழ்வார்பேட்டையிலுள்ள சி.பி. இராமசாமி ஐயர் இந்தியவியல் ஆய்வு நிறுவனம் 1992-ல் தமிழ்நாட்டின் உரோமைத் தொல்பொருள்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டது. எழுதியவர் தொல்லியல் அறிஞர் டாக்டர் எஸ். சுரேஷ். 2004-ல் இந்தியா முழுவதிலும் கிடைத்த உரோமைப் பொருள்களையும், அவற்றைப் பார்த்து இங்கே செய்த போலிகளையும் ஆராய்ந்து இன்னொரு பெரிய நூல் தந்தார். அவருக்கு முன்பே, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இராபர்ட் சூவெல் என்ற ஆங்கில அதிகாரி, 1904-ல் இந்தியாவில் கிடைத்த உரோமைக் காசுகளைத் தொகுத்து எழுதியிருந்தார். ஆனால் சுரேஷ் காசை மட்டும் பார்க்கவில்லை. மதுச்சாடி, மட்பாண்டம், வெண்கலம், நகை யாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். காசில் துளையிட்டும் வளையம் பொருத்தியும் நம் மக்கள் கழுத்தில் அணிந்ததையும், களிமண்ணில் அதே உருவை அச்சிட்டு அணிந்ததையும் எடுத்துக் காட்டினார். காசுமாலை அணியும் நம் தாய்மார்களுக்கு இது வியப்பாக இராது.

இனி நற்செய்திக்கு வருகிறேன். வரி கொடுப்பது முறையா என்று ஆண்டவரைச் சிக்கவைக்கப் பரிசேயரும் ஏரோதியரும் வந்தபோது, அவர் ஒரு நாணயத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள உருவம் யாருடையது என்றார். அவர்கள் செசாருடையது என்றார்கள். அன்று ஆண்ட செசார் திபேரியு. அவர் வெளியிட்ட வெள்ளித் தெனாரியம் நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது. நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் இலைமுடி சூடிய செசாரின் தலை. மறுபக்கம் கையில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண். சுற்றிலும் 'பொந்திஃப் மாக்சிம்', அதாவது தலைமைக் குரு என்ற எழுத்து. அஞ்ஞான அரசனின் காசிலிருந்த இப்பட்டமே பிற்காலத்தில் பாப்பரசர்களின் பட்டமாயிற்று என்பதை நினைத்தால் புன்னகை வருகிறது.

ஆண்டவர் கையில் வாங்கியது இவ்வகைக் காசே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்தக் காசு நம் மண்ணில் ஒன்றிரண்டல்ல, குடம் குடமாகக் கிடைத்திருக்கிறது! உடுமலைப்பேட்டைக்கு அருகே பூதிநத்தம் என்ற சிற்றூரில் கிடைத்த ஒரே புதையலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெனாரியங்கள். எல்லாம் அகுஸ்து, திபேரியு காலத்தவை. திராட்சைத் தோட்டத்து வேலையாளின் ஒருநாள் கூலி ஒரு தெனாரியம் என்பது நீங்கள் அறிந்ததே. அப்படியானால் ஓர் ஆளின் ஏறக்குறைய மூன்றாண்டு உழைப்பு அந்தக் குடத்தில் இருந்தது.

இவ்வளவு வெள்ளி ஏன் கொங்கு நாட்டுக்கு வந்தது? சேர நாட்டு மிளகும், படியூர்ப் பக்கத்துப் பச்சைக் கல்லும், முத்தும், மெல்லிய துணியும் உரோமைச் செல்வர்களுக்கு வேண்டியிருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்கடலுக்கும் கீழ்கடலுக்கும் வணிகச் சாத்துகள் சென்றன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி என்ற உரோமை அறிஞர் புலம்பியிருக்கிறார். நம் வணிகரும் ஏமாளிகளல்லர். கி.பி. 64-ல் நீரோ மன்னன் வெள்ளியில் கலப்படம் செய்தான். நம்மவர் பழைய சுத்தமான காசையே விரும்பினர் என்றும், அதனாலேயே புதையல்களில் அகுஸ்துவும் திபேரியுவும் மிகுதி என்றும் ஆய்வாளர் கூறுகின்றனர். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் செசாரின் முகத்தின்மேலேயே உளிவெட்டு இருக்கிறது. இனி இது நாணயமல்ல, வெறும் பொன் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து.

இக்காசுகள் வந்த வழியைப் பாருங்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் நதியில் மேலேறி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, செங்கடல் துறைகளை அடைவர். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் செங்கடல் வாயிலிருந்து நாற்பது நாளில் முசிறி! வாடைக் காற்றில் திரும்புவர். நம்மவரும் அங்கே சென்றார்கள். எகிப்தின் குசெய்ர் அல் கதீம் துறையில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளன. அவ்வெழுத்தின் வல்லுநரும், நம் சென்னையில் வாழ்ந்து 2018-ல் மறைந்தவருமான ஐராவதம் மகாதேவன் இவற்றைப் பற்றி எழுதியுள்ளார்.

கீழ்க்கரையிலும் சான்றுகள் உண்டு. 1944-ல் மார்ட்டிமர் வீலர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரியில் ஓர் உரோமை மதுச்சாடியின் உடைந்த கழுத்தைக் கண்டார். அது கிடைத்த இடத்தை விசாரித்துக்கொண்டு புதுச்சேரி சென்றார். 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரேசோ நகரத்துச் சிவப்புப் பாண்டங்கள் வெளிப்பட்டன. அவருக்கு முன்பே ஃபோஷே என்ற பிரெஞ்சு மிஷனரி அங்கே தோண்டியிருந்தார் என்பதை, நம்மவர் என்ற உரிமையில் சொல்லிவைக்கிறேன். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்து, உரோமையர் தொடர்புக்கு முன்பே அங்கே ஊர் இருந்ததென்று வீலரின் முடிவைத் திருத்தினார். நமக்கு அருகேயுள்ள மாம்பலத்திலேயே பழைய முத்திரைக் காசுகளோடு அகுஸ்துவின் வெள்ளிக் காசு ஒன்று கிடைத்திருக்கிறது. தொலமி குறிப்பிடும் மாலியார்ப்பா என்ற துறை நம் மயிலாப்பூரே என்று கருதுவோரும் உண்டு.

அப்படியானால் தோமையார் வந்தது நிரூபணமாயிற்றா? இல்லை. எந்தக் காசிலும் அவர் பெயர் இல்லை. திபேரியுவின் காசை இங்கே கொண்டுவந்தவர் மிளகு வாங்க வந்த வணிகர். ஆனால் கலிலேயாவில் பிறந்த ஒருவர் கி.பி. 52-ல் மலையாளக் கரை சேருவது நடக்காத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பாதை திறந்திருந்தது, கப்பல்கள் ஓடின. அந்தப் பாதையில் அவர் வந்தார் என்பதை நமக்குச் சொல்வது தொன்றுதொட்டு வரும் மரபும் சாந்தோம் கல்லறையும்தான். காசு சொல்லாததைக் காசின் வாயில் திணிப்பது ஆய்வுக்கும் கேடு, விசுவாசத்துக்கும் கேடு.

இதற்கு நல்ல உதாரணம் கொந்தபோரஸ் மன்னன். அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்குப் பகிர்ந்த கதையை ஞானோபதேச வகுப்பில் கேட்டிருப்பீர்கள். மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூலொன்றில் உள்ள கதை அது, வேதாகமத்தில் சேர்ந்ததல்ல. அப்படி ஒரு மன்னனே இல்லை என்று கற்றோர் எண்ணியிருந்தனர். 1830-களிலிருந்து ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைக்கத் தொடங்கின. மன்னன் மெய்யாக இருந்தான், அதுவும் முதல் நூற்றாண்டில்! ஆனால் அக்காசுகள் மன்னனை மெய்யாக்கினவே தவிர, அரண்மனைக் கதையை மெய்யாக்கவில்லை. 'எல்லாம் புனைவு' என்றவர்களும் தவறினார்கள். 'எல்லாம் நிரூபணம்' என்று கைதட்டியவர்களும் தவறினார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பொன்னும் வெள்ளியும் தேடுவோர் ஒதுக்கிய தேய்ந்த செப்புக் காசுகளைச் சேகரித்தவர். கரூர், மதுரைப் பகுதிகளின் பிற்கால உரோமைச் செப்புக் காசுகளைப் பற்றி 1994-ல் நூல் எழுதினார். அவை பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின. தெயோதோசியு, அர்க்காதியு முதலிய கிறிஸ்தவப் பேரரசர் காலத்தவை. உரோமைத் தொடர்பு திபேரியுவோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு அச்செப்புத் துண்டுகளே சாட்சி.

எத்தனை புதையல்கள் தட்டானின் உலைக்குள் போயினவோ! உருகிய காசு எதையும் சொல்லாது. ஊரில் நிலம் வைத்திருக்கும் நம் பங்கு மக்கள் கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது பழங்காசு கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவியுங்கள். பானையோட்டையும் வீசிவிடாமல் காட்டுங்கள். ஓட்டில்தான் பெயர் இருக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நம் இளைஞர்களை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறையாதலால் சனிக்கிழமை போகலாம். வர விரும்புவோர் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள்.