திருச்சுழி: ஊரும் நீரும்



நமக்குக் கிழக்கே, பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் திருச்சுழியைப் பற்றிப் பேச விழைகிறேன். அவ்வூரின் பெயரே ஒரு வியப்பு. மழைக்கு ஏங்கும் நிலத்தில் ஓர் ஊருக்கு நீர்ச்சுழியின் பெயர் வாய்த்திருக்கிறது. ஊழிவெள்ளம் பெருகியபோது இறைவன் நிலத்தைத் துளைத்து அதனைச் சுழித்து உட்புகச் செய்தான் என்பது தலபுராணம். நம்புவோர் நம்பலாம், நான் அதில் காண்பது வேறு. கண்மாய் பெருகுமா என்று ஐப்பசியில் வானம் பார்க்கும் மக்கள், தம் ஊரின் தொடக்கத்தை வெள்ளத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-இல் இதுவும் ஒன்று. திருச்சுழியல் என்பது பழைய பெயர். சுந்தரர் பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. இங்கு அவர் கண்ட கனவொன்றைச் சேக்கிழார் கூறுகிறார். கையில் செண்டும் முடியில் சுழியமும் கொண்டு காளையாகத் தோன்றிய இறைவன், தான் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைந்தானாம். கானப்பேர் இன்றைய காளையார்கோயில். தேடிவந்த புலவரை அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்ட அந்தக் குறும்பு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஊரை ஒட்டிக் குண்டாறு போகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறுதான். அருகிலுள்ள பள்ளிமடத்துக் கல்வெட்டுகள் பள்ளிப்படைக் கோயிலொன்றைச் சுந்தரபாண்டிய ஈச்சுவரம் என்று குறிக்கின்றன. மறைந்த மன்னனின் நினைவாக எழுந்த கோயிலே பள்ளிப்படை. கோயில் விளக்குக்கு நெய் வேண்டி ஆடுகளைக் கொடையாக விடுவது அக்கால வழக்கம். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டு மொழி சொல்லும். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது என்பது பொருள். மேய்ச்சல் நிலத்துக்கு ஏற்ற கொடை அது. அறுவடை முடிந்த நம் கரிசல் காட்டில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவோரைக் காணும்போதெல்லாம் அச்சொற்றொடர் என் நினைவில் வரும்.

1879 டிசம்பர் 30 அன்று இவ்வூரில் வேங்கடராமன் என்னும் குழந்தை பிறந்தது. பின்னாளில் உலகம் இரமண மகரிஷி என்று அறிந்தவர். தந்தையார் சுந்தரமையர் இவ்வூரில் வழக்குரைத்தவர். தாம் இயற்றிய அருணாசல நவமணிமாலையில் ஊரையும் பெற்றோரையும் மகரிஷி பெயர் சொல்லிக் குறிக்கிறார். ஆயினும் என்னைக் கவர்ந்தது அவர் சொன்ன சிறுபிள்ளை நினைவு. மாசித் திருவிழாவின் பத்து நாள்களில் கோயிற்குளத்து நீர் நாளுக்கு நாள் ஏறும். பின்பு அவ்வாறே இறங்கும். எவ்வளவு ஏறியது என்று சிறுவர்கள் அடையாளம் வைத்துப் பார்ப்பார்களாம். அந்நீரில் குளித்தால் வெள்ளிக் காப்பு கறுத்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

காப்புக் கறுத்த செய்திக்கு ஊர் வரலாற்றில் என்ன இடம் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் செல்போர்ன் என்றொரு சிற்றூர். அங்கு வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் வைட், அவ்வூரின் பறவை, மழை, தம் தோட்டத்து ஆமை எல்லாவற்றையும் கடிதங்களாக எழுதி 1789-இல் நூலாக்கினார். இரண்டு நூற்றாண்டு கடந்தும் அந்நூல் அச்சில் இருக்கிறது. நம் ஊர்களுக்குக் கோயிலைப் பற்றிய எழுத்து உண்டு. குளத்தைப் பற்றிய எழுத்துத்தான் அரிது.

நம் வட்டாரத்தின் உயிர்நிலை கண்மாய். மழைநீர் வரத்துக்கால் வழியே கண்மாய் சேரும். மடை வழியே வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கில் வழிந்து, மறுகாலாக அடுத்த ஊர்க் கண்மாய்க்கு ஓடும். மேலூரின் மிச்சம் கீழூரின் விளைச்சல். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை நீர்பாய்ச்சி பார்த்துக்கொள்வார். அவருக்குரிய கூலி களத்திலேயே அளக்கப்படும். மடைக்குக் காவலாகக் கருப்பசாமி நிற்பார். இத்தனையும் சேர்ந்ததே ஓர் ஊர்.

இன்று வரத்துக்காலிலும் கண்மாய்க்குள்ளும் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டது. வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கிறது. அம்மரத்தை வெறுமனே பழிக்கவும் எனக்கு மனமில்லை. மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டு அடுப்பெரித்த குடும்பங்கள் இங்கு ஏராளம். ஆனால் மரம் மூடியது நீரை மட்டுமன்று. கலுங்கு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டேன். கண்மாய்க்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவியரிலேயே இருவர்தாம் விடை சொன்னார்கள்.

கவிஞர் பெருமக்கள் பொறுத்தருள்க. நம் அரங்குகளில் படிக்கப்படும் கவிதைகளில் கிராமம் என்றதும் வாழைத்தோப்பும் சலசலக்கும் ஆறும் வந்துவிடுகின்றன. அவை காவிரிக்கரைக்கு உரியவை. குதிரைவாலியும் மல்லியும் விளையும் காட்டில், மறுகால் பாயும் ஓசையை நள்ளிரவில் கேட்டு ஊரே எழுந்து கரைக்கு ஓடிய நிகழ்ச்சி நம் கவிதையில் எங்கே? இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் கிடையைக் குறுநாவலாக்கினார். கரிசல் சொற்களை அகராதியாகவும் தொகுத்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்கு வாய்த்தது நம் பக்கத்துக்கும் வாய்க்க வேண்டும்.

பதினோராம் ஆண்டில் வட்டம் ஒரு பணியை மேற்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். மடைகளின் பெயர், கலுங்கு இருக்கும் இடம், கடைசியாக மறுகால் பாய்ந்த ஆண்டு ஆகியவற்றை முதியோரிடம், குறிப்பாகக் களையெடுத்த பெண்களிடம், கேட்டு எழுதுவோம். வரும் மாசியில் திருச்சுழிக் குளக்கரையில் கூடி அக்குறிப்புகளைப் படிக்கலாம். பள்ளிமடத்துக் கண்மாயை நான் எடுத்துக்கொள்கிறேன்.