கைப்பக்குவம்

"அந்த அம்மாளுக்குக் கைமணம் உண்டு" என்று நன்றாகச் சமைப்பவரைப் புகழ்ந்து பேசுவது நம் வழக்கம். அந்தப் புகழ்ச்சியிலே ஒரு தவறான எண்ணமும் மறைந்து கிடக்கிறது. சமையல் திறமை சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கிறது, வாய்க்காதவருக்கு அது வாராது என்பதே அவ்வெண்ணம். அது உண்மைதானா என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். படிப்பின் பொருட்டோ வேலையின் பொருட்டோ வீட்டை விட்டு வந்து, அடையாற்றிலோ தியாகராய நகரிலோ ஓர் அறையில் தங்கி, அடுப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு விழிக்கப் போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர்களுக்கு இப்பேச்சு ஓரளவு பயன்படலாம்.

புதிதாகச் சமைப்பவர் படும் பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டு ஒன்றை நீங்கள் படித்திருக்கக்கூடும். புதிதாக இல்லறம் தொடங்கிய பெண் ஒருத்தி தன் கையாலே தயிரைப் பிசைந்து குழம்பு வைக்கிறாள். பிசைந்த விரலை ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும்போது எழுந்த புகை அவள் கண்களிலே படிகிறது. கணவன் "இனிது" என்று சொல்லி உண்டபோது அவள் முகத்திலே மகிழ்ச்சி மெல்லத் தோன்றுகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் முதற் சமையல் என்பது புகையும் கறையும் கவலையும் கலந்ததாகவே இருந்திருக்கிறது. இது பெண்களுக்கே உரிய வேலை என்று கருதும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். மிகச் சிறந்த சமையலுக்கு நாம் வழங்கும் பெயர்கள் நளபாகம், வீமபாகம் என்பன. நளனும் வீமனும் ஆடவர்களே. நாடிழந்து மறைந்து வாழ்ந்த காலத்தில், இருவருக்கும் கைகொடுத்த தொழில் சமையல்தான்.

எனக்கும் அத்தகைய காலம் ஒன்று வந்தது. நான் மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளுக்கு அருகே வளர்ந்தவன். 1972 ஆம் ஆண்டில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தாயார் நோயுற்று மூன்று வாரம் மருத்துவமனையில் இருக்கும்படி நேர்ந்தது. தந்தையார் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்; தங்கை பள்ளிக்குச் செல்ல வேண்டும். நாள்தோறும் உணவு விடுதியில் வாங்க வசதியில்லை. ஆகவே அடுப்பு என் பொறுப்பாயிற்று.

முதல் நாள் சாம்பார் வைக்கத் துணிந்தேன். பருப்பு, காய், புளிக்கரைசல், உப்பு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் இட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றினேன். எல்லாம் எப்படியும் ஒன்று சேரப் போகின்றனவே, முன்னாலேயே சேர்த்தால் என்ன என்பது என் தருக்கம். ஒரு மணி நேரம் கழிந்தது. தண்ணீர் வற்றியது, மீண்டும் ஊற்றினேன். பருப்போ கூழாங்கல்லைப் போல் அசையாமல் கிடந்தது. அன்று மூவரும் மோருஞ்சோறு உண்டோம். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. தங்கைதான், "அம்மா எப்போது வருவாள்?" என்று கேட்டாள்.

மறுநாள் எதிர்வீட்டு மாமி செய்தி அறிந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்புத் தாளால் அட்டையிட்டு, மஞ்சள் கறை படிந்த அந்தப் புத்தகம் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. 1951 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. இளமையிலேயே கணவரை இழந்தவர் அந்த அம்மையார். சமையலைப் பற்றிக் கேட்டு வருவோர்க்கெல்லாம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்த அவரை, நூலாகவே எழுதும்படி தூண்டியவர் அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற வழக்கறிஞர். பின்னர் அந்நூல் பல பகுதிகளாக வளர்ந்தது. புதுமணப் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு அதனையும் வைத்துக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கமாயிற்று.

அந்நூலைப் பிரித்ததும் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. கைமணம் என்று நாம் பெயரிட்டு ஒதுக்கி வைத்ததை, அந்த அம்மையார் அளவாகவும் வரிசையாகவும் பிரித்து எழுதியிருந்தார். எந்தப் பொருள் எவ்வளவு, எதற்குப் பின் எது என்று தெரிந்துவிட்டால், பாதிச் சமையல் முடிந்ததுபோலத்தான். அந்தப் பிரதியில் இருந்த அளவுகள் ஆழாக்கும் பலமும். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956 இல் வந்தது. நானோ கிராமும் லிட்டரும் படித்து வளர்ந்தவன். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஓர் ஆழாக்கு ஏறத்தாழ இருநூறு மில்லிலிட்டர், ஒரு பலம் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் என்று தந்தையாரிடம் கேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

வரிசைக்குப் பின்னே காரணம் இருக்கிறது என்பதையும் கண்டுகொண்டேன். புளியிலுள்ள அமிலம் பருப்பையும் காயையும் எளிதில் மென்மையாக விடாது. ஆகையால் பருப்பைத் தனியே குழைய வேகவைத்துக்கொள்ள வேண்டும். காயும் ஏறக்குறைய வெந்த பின்னரே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். புளி பச்சை வாசனை நீங்கக் கொதித்த பிறகு பருப்பைச் சேர்க்க வேண்டும். தாளிப்புக்கும் இத்தகைய நியாயம் உண்டு. எண்ணெய் நன்றாகக் காய்ந்தால்தான் கடுகு வெடிக்கும். கடுகு வெடித்த பின் உளுத்தம்பருப்பு, அது சிவக்கும்போது மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை என்று விரைந்து கருகக்கூடியவற்றைக் கடைசியில் போட வேண்டும். வெந்தயம் கருகினால் குழம்பு முழுவதும் கசந்துவிடும். ரசத்தில் பருப்புத் தண்ணீரை விளாவிய பின், நுரை கட்டி எழும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

ஆறாம் நாள் ரசஞ்சாதம் பிசைந்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன். அம்மா இரண்டு கவளம் உண்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "புளி எவ்வளவு போட்டாய்?" என்று கேட்டாள். சொன்னேன். "நான் எவ்வளவு போடுவேன்?" என்று மறுபடியும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "எனக்கும் தெரியாது. கை தானாக எடுக்கும்" என்று சிரித்தாள்.

அவள் வீடு திரும்பியதும் அந்தக் கையை அளப்பதென்று தீர்மானித்தேன். அவள் நாற்காலியில் அமர்ந்து, குழம்புக்கு எடுப்பதுபோலவே புளியைக் கிள்ளித் தட்டில் வைப்பாள். எலுமிச்சை அளவு என்று அவள் சொன்ன உருண்டையைத் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துச் சென்று தராசில் நிறுப்பேன்; கடைக்காரர் சிரிப்பார். அவள் அள்ளிய உப்பைத் தேக்கரண்டியால் அளப்பேன். மூன்று நாள் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே அளவு! கண்ணளவு என்பது கணக்கில்லாத அளவன்று. கணக்கு கைக்குள் இறங்கிவிட்ட அளவு. நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவள் சொன்னாள்: "இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். எவ்வளவு போடுகிறாய் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை."

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மூன்று வேளையும் உண்டோம். குறை இருந்தால் சொன்னோம். அவள் அறிந்திருந்ததை அறிவு என்று நாங்கள் எண்ணவே இல்லை. கைமணம் என்ற புகழ்ச்சியே அதனைக் கேட்டறியாதபடி எங்களைத் தடுத்துவிட்டது.

மாணவ நண்பர்களே! புதிதாகத் தொடங்குவோர்க்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்லலாம். முதலில், ஒரே கிண்ணத்தையும் ஒரே கரண்டியையும் அளவுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பண்டங்களை ஒவ்வொரு முறை செய்வதைவிட, ஒரு ரசத்தைப் பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்; அப்போதுதான் எது எதனைச் செய்கிறது என்பது தெரியும். உப்பைக் குறைத்தே போடுங்கள். பின்னர்ச் சேர்க்கலாம், எடுக்க முடியாது. பழைய அரிசி மிகுதியாகத் தண்ணீர் குடிக்கும், புது அரிசி குறைவாகக் குடிக்கும். ஆகவே புது மூட்டை வந்தால் கணக்கையும் புதிதாகப் பாருங்கள். பிரஷர் குக்கரின் ஆவி முழுவதும் அடங்குமுன் மூடியைத் திறக்காதீர்கள். கடுகின் ஓசையைக் காதாலும், புளியின் பச்சை நீங்குவதை மூக்காலும், பருப்பின் சிவப்பைக் கண்ணாலும் அறியப் பழகுங்கள். சில மாதங்களில் கரண்டி தேவைப்படாது. கை தானாக எடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, தாயாரிடமோ பாட்டியாரிடமோ, சமைப்பவர் தந்தையாரானால் அவரிடமோ, "இதில் எவ்வளவு போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். "ஏதோ கொஞ்சம்" என்பார்கள். விடாதீர்கள். அந்தக் கொஞ்சத்தை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, அளந்து, எழுதிக்கொள்ளுங்கள்.

என் தாயார் இன்று இல்லை. அவளுடைய வத்தக் குழம்பு இருக்கிறது. நோட்டின் பதினான்காம் பக்கத்தில், புளி, உப்பு, நல்லெண்ணெய் அளவுகளோடு இருக்கிறது. அவள் போடும் மாங்காய்த் தொக்கைப் பற்றி மட்டும் கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. உங்கள் நோட்டில் அப்படி ஒரு பக்கம் வெறுமையாக இராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.