முதுகு ஊசியும் அம்மாவின் முதுகுவலியும்

இந்த எபிசோடை மந்தாரக்குப்பத்துல எங்க வீட்டு மாடியில உக்காந்து பதிவு பண்றேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, விருத்தாசலம் ரோடு பக்கத்துலதான்.

ஊருக்கு வந்த காரணம், அக்காவுக்கு வியாழக்கிழமை சிசேரியன். முதுகுல ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வெச்சு செய்வோம்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா ஒரே பிடிவாதம். "முழுசா மயக்கம் குடுக்கச் சொல்லு. எனக்கு உங்கக்கா பொறந்தப்போ அந்த ஊசியைப் போட்டாங்க. இன்னிவரைக்கும் குனிஞ்சு கோலம் போட முடியல."

இதே வரியை உங்க வீட்டுலயும் கேட்டிருப்பீங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்கள்ல 44.9 சதவீதம் சிசேரியன். அதுல பெரும்பாலும் முதுகு ஊசிதான். அதனால ரெண்டு நாள் உக்காந்து ஆராய்ச்சிகளைப் படிச்சேன். அம்மா தப்புன்னு நிரூபிக்கத்தான் ஆரம்பிச்சேன். பாதியில மாட்டிக்கிட்டேன்.

முதல்ல பயம். ஊசி தண்டுவடத்துல குத்திடுமா? பெரியவங்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு அளவிலேயே முடிஞ்சிடுது. ஊசி போடுறது அதுக்குக் கீழ. அங்க நரம்பு இழைகள் தண்டுவட நீர்ல மிதந்துக்கிட்டிருக்கும். அந்த நீர்ல ரெண்டு மில்லி அளவு மருந்து கலந்தாலே போதும், சில நிமிஷத்துல கால் மரத்துடும். ஆபத்தே இல்லையான்னா, இருக்கு. பிரஷர் இறங்கும், அதுக்கு உடனே மருந்து குடுப்பாங்க. நரம்பு பாதிப்பு ரொம்ப அரிது. கர்ப்பிணிக்கு முழு மயக்கம் குடுக்கறதுல வேற சிக்கல் இருக்கு. வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போகலாம், மூச்சுக்குழாய் போடறதும் கஷ்டமாகலாம். அதனாலதான் டாக்டருங்க முதுகு ஊசியைத் தேர்ந்தெடுக்கறாங்க.

அடுத்தது தலைவலி. இங்கதான் கதை சுவாரசியமாகுது. 1898-ல ஜெர்மனியில கீல் நகரத்துல ஆகுஸ்ட் பியர்ங்கிற சர்ஜன் இந்த முறையை முதல்முதலா ஆபரேஷனுக்குப் பயன்படுத்தினார். மருந்து கொக்கைன். நோயாளிகளுக்குத் தலைவலி, வாந்தி வரவும், தன் மேலேயே சோதிச்சுப் பார்க்கத் துணிஞ்சார். உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியைக் குத்திட்டார், ஆனா சிரிஞ்ச் ஊசியோட பொருந்தல. மருந்து உள்ள போகாம, தண்டுவட நீர் வெளிய கொட்டினதுதான் மிச்சம். அப்புறம் பியர் உதவியாளருக்குப் போட்டார். கால் மரத்ததான்னு பார்க்க சுருட்டால சுட்டார், முழங்காலுக்குக் கீழ சுத்தியால அடிச்சார். இன்னிக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதுக்கு அனுமதி குடுக்காது! ராத்திரி ஒயினோட விருந்து. மறுநாள்ல இருந்து பியருக்கு எழுந்து நிக்க முடியாத தலைவலி, படுத்தா சரியாகுது.

ஆக, இந்தத் தலைவலி முதல் நாள்ல இருந்தே தெரிஞ்ச உண்மை. ஊசி போட்ட ஓட்டை வழியா நீர் கசியறதுதான் அடிப்படைக் காரணம். இளம் பெண்களுக்கு, அதுவும் பிரசவத்தப்போ, வாய்ப்பு அதிகம். தீர்வு ஊசியோட முனையில கிடைச்சது. பழைய ஊசி சாய்வா வெட்டின மாதிரி இருக்கும், உறையை அறுத்துடும். பென்சில் முனை ஊசி இழைகளை விலக்கிட்டுப் போகுது. 2018-ல லான்செட்ல 110 ஆய்வுகளை, 31,000-க்கு மேற்பட்டவங்களைச் சேர்த்துப் பார்த்தாங்க. பழைய மாதிரி ஊசியில தலைவலி 11 சதவீதம், பென்சில் முனையில 4.2. கேஜ் நம்பர் கூடினா ஊசி மெலிசு, எனக்கு இது முதல்ல தலைகீழாத்தான் புரிஞ்சது.

"தலையணை வைக்காதே, தலையைத் தூக்காதே"ன்னு அம்மாவைப் படுக்க வெச்சாங்களே, அதையும் சோதிச்சாச்சு. படுத்தே இருக்கிறது இந்தத் தலைவலியைத் தடுக்குதுன்னு ஆதாரம் இல்லைன்னு காக்ரேன் தொகுப்பு சொல்லுது.

இப்போ முதுகுவலி. பிரசவ வலிக்குக் குடுக்கிற எபிடியூரல் இதைவிடத் தடிச்ச ஊசி. இங்கிலாந்துல 369 பெண்களைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு எபிடியூரல், இன்னொரு குழுவுக்கு வேற வலி நிவாரணம்னு குடுத்தாங்க. சராசரியா ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு விசாரிச்சாங்க. முடிவு 2002-ல பி.எம்.ஜே.ல வந்தது. முதுகுவலியில குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, இது சிசேரியன் ஆய்வு இல்லை. 28 வருஷக் கணக்கும் இல்லை.

அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ என் வலி பொய்யா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாயடைச்சுப்போச்சு. கர்ப்பத்துல தளர்ந்த மூட்டு, அறுத்த வயிறு, இடுப்புல தூக்கிச் சுமந்த ரெண்டு குழந்தை, தண்ணிக்குடம். இத்தனைக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரிஞ்சது ஊசி மட்டும்தான். வலி பொய் இல்லைம்மா, ஊசி மேல போட்ட பழிதான் சந்தேகம்னேன். "உனக்கென்னடி தெரியும், வலிக்கிறது எனக்கு"ன்னாங்க. அதுவும் சரிதான்.

நேத்து அக்காவோட போயி மயக்க டாக்டரைப் பார்த்தோம். அக்காவே கேட்டா: "மேடம், பென்சில் முனை ஊசிதானே?" அவங்க சிரிச்சுட்டு, ஆமா, 25 கேஜ்னாங்க. உக்காந்தா கூடி, படுத்தா குறையற தலைவலி வந்தா பொறுத்துக்காம சொல்லணும், பெரும்பாலும் தானே சரியாகும், விடலைன்னா உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அதே இடத்துல போட்டு அடைப்போம்னு விளக்கினாங்க. அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்து, ராத்திரி தைலம் தேய்க்கச் சொன்னாங்க. தேய்ச்சு விட்டேன்.